தில்லை மரத்துப் பச்சை வண்டுகள்

யசிந்தாவை அரியாலையில் சிலர் விசரி, பைத்தியம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பழி தீர்க்கவென்று ஒரு மாரியும் ஒரு கோடையும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவளுக்கு எங்கிருந்து விசர் வரும்?

அவள் குருநகர்க்காரி. தொண்ணூற்றொன்றில் புருஷன் சிமியோன் ஷெல் விழுந்து செத்தபிறகு இடம்பெயர்ந்து வந்து எங்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்தாள். சிமியோனின் வள்ளம் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது. கரையில் கிடந்தால் வெடிச்சூடு பட்டுச் சிதறிவிடும் என்று அவன்தான் அதைக் களப்போரக் கண்டற்காட்டுக்குள் இழுத்து ஒளித்திருந்தான். மற்றவர்கள் வள்ளத்துக்கு அந்தோனியார், மாதா என்று பெயர் வைப்பார்கள். இந்த மனிதன் வள்ளத்தின் முன்புறம், அணியத்தில், நீலப் பெயின்ற்றால் ‘யசிந்தா’ என்று எழுதினான். சுவாமியார் பகிடி பண்ணியும் அழிக்கவில்லை.

பின்னேரங்களில் அவள் அந்த வள்ளத்துக்குள் போய் இருப்பாள். முதலில் அழத்தான் போனாள். பிறகு பார்க்கத் தொடங்கினாள். கண்டல் விதை தாய்க் கொப்பில் தொங்கும்போதே முளைவிடுவதைப் பார்த்தாள். முசுறு எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, இன்னொரு முசுறு தன் குஞ்சை வாயில் கவ்விவந்து, அதன் நூலால் இலைகளைத் தைப்பதைப் பார்த்தாள். ஒருநாள் என்னைக் கையில் பிடித்து இழுத்துப்போய்த் தில்லை மரத்தைக் காட்டினாள். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்பது கடற்கரைச் சனத்துக்குத் தெரியும். ஒருவரும் அதில் கத்தி வைப்பதில்லை. அந்த மரத்தின் காய்களில் பச்சையும் பொன்னுமாய் மினுங்கும் வண்டுகள் அப்பிக் கிடந்தன.

“நஞ்சைத் திண்டுபோட்டு எவ்வளவு வடிவாய் இருக்குதுகள், பாரன்” என்றாள். சிமியோன் போனபிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அடுத்த கிழமை வள்ளம் இல்லை. கோடாலிச் சிராய்கள்தான் கிடந்தன. சந்தித் தேத்தண்ணிக் கடை அடுப்பில் நீலப் பலகை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. சுறா நெய் ஊறிய பலகை, எரியாமல் என்ன செய்யும்? கடற்கரைப் பழக்கமில்லாத கொடிகாமத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்து விறகு வெட்டும் கதிரவேலு கொடுத்தது என்றார் கடைக்காரர்.

அவள் சத்தம் போடவில்லை. கண்டற்காட்டில் அவனைக் காணும்போதெல்லாம் “சுகமே தம்பி” என்று கேட்டாள். எனக்குப் பற்றியெரிந்தது. அவன் பாதையோர மரங்களை எல்லாம் வெட்டி முடித்தான். கடைசியில் ஒருவரும் தொடாத தில்லைக்கு வந்தான். அன்று நானும் அவளோடு நின்றேன். அவள் இடுப்பில் ஒரு குடம் நல்லதண்ணீர்.

“உது என்ன மரம் அக்கா?”

“மெதுமரம் தம்பி. கோடாலி சுகமாய் இறங்கும்.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வெட்டிலேயே பால் தெறித்தது. வண்டுகள் ஒருசேர எழும்பிப் பறந்தன. கதிரவேலு முகத்தைப் பொத்திக்கொண்டு சேற்றில் விழுந்து கத்தினான். வஞ்சகமில்லாமல் சொல்கிறேன், அந்தச் சத்தம் என் காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

“அக்கா, தண்ணி! கண் எரியுது, தண்ணி!”

யசிந்தா குடத்தோடு அவன் தலைமாட்டில் குந்தினாள்.

“இதிலை கிடந்த வள்ளத்தைக் கொத்தினது நீதானே?”

“ஓம், ஓம் அக்கா. தண்ணி தாங்கோ!”

“அணியத்திலை என்ன எழுதியிருந்தது? வாசிச்சனியோ, இல்லையோ?”

“வாசிச்சனான். யசிந்தா எண்டு இருந்தது.”

“அது ஆர்?”

“எனக்கென்னெண்டு தெரியும்? கேக்க ஆளில்லாமல் கிடந்தது. ஆரோ செத்துப்போன பொம்பிளை எண்டு நினைச்சன்.”

அவள் அவன் கைகளை முகத்திலிருந்து விலக்கிக் குடத்தைச் சரித்தாள்.

“அந்தச் செத்துப்போன பொம்பிளைதான் ஊத்துறன். கண்ணைத் திற.”