ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் அடுப்படியில் இருபத்திரண்டு வருடம் பதம் பார்த்தவள் நான். பால் சுண்டித் திரளும்போது வாணலியை எந்த நிமிடம் இறக்குவது என்று சொல்வதுதான் வேலை. அதற்குப் படிப்பு வேண்டாம், நாக்கு போதும். சம்பளமும் வாங்கி பால்கோவாவும் தின்கிறாள் என்று ஊரே பொறாமைப்பட்டது.

1. டப்பா ஒட்டும் மேசை

தைராய்டு குறைவு என்று மாத்திரை தொடங்கி ஆறு மாதமாகியும் எடை ஏறிக்கொண்டே போனது. நின்றபடியே கண் சொருகும். அப்படிச் சொருகிய ஒரு காலையில் ஒரு ஈடு, வாணலியோடு மொத்தப் பாலும், அடிப்பிடித்துவிட்டது.

முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். "அக்கா, ஒங்களால நிக்க ஏலலை. ஆடிப்பூரத் தேருக்குள்ள சரியாச்சுன்னா பாப்போம். இல்லன்னா உள்ள ஒக்காந்து டப்பா ஒட்டுங்க" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாக்கை வைத்துப் பிழைத்தவளைப் பசைச் சட்டியோடு உட்காரச் சொன்னால் வேறு என்ன வரும்?

2. நோட்டு

மாத்திரை எழுதிக்கொடுத்த ராஜபாளையத்து டாக்டரம்மா, வாயில் போடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். கம்பங்கூழ், அவரைக்காய், இரவுக்கு ஒரு தோசை என்று ஒரு மாதம் எழுதினேன். எடை ஒரு கிலோ கூடியிருந்தது.

"மாத்திரை எப்ப போடுதீங்க?"

"அஞ்சரைக்கு, கடைக்குப் போனதும். வெறும் வயித்துல."

"பொறவு?"

"எட்டு மணிக்குக் கூழு."

"நடுவுல ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமில்ல. பால் வந்ததும் கேனுக்கு ஒரு கரண்டி காய்ச்சி ருசி பாப்பேன். ஈட்டுக்கு ஒரு நெல்லிக்கா அளவு கோவா. எட்டு கேன், பன்னெண்டு ஈடு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது நோட்டுல இல்லையே."

"அது வேலையாச்சே டாக்டரம்மா."

நான் பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள்கூட எங்கள் அடுப்படியில் ருசி பார்ப்பார்கள். வேலைக்காக நாக்கில் வைப்பது விரதத்தைக் கெடுக்காது என்பது எங்கள் சட்டம்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க."

"சோறு தொட்டே மூணு மாசமாச்சு" என்றேன்.

சிரித்துவிட்டுத்தான் விளக்கினார். மாத்திரை போட்ட கையோடு பால் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் தவிர எதுவும் ஆகாது. அசதி தீர இது போதும். எடை குறைய, கோவாவையும் விட வேண்டும்.

3. காதர் பாயின் விரல்

மாத்திரையை வீட்டிலேயே நாலரைக்குப் போட்டுக்கொண்டேன். நாக்கை என்ன செய்வது?

பக்கத்து அடுப்பு காதர் பாய் நோன்பு மாதத்தில் வாயில் வைக்காமல், விரலில் உருட்டியே பதம் சொல்வார். அவரை வருடாவருடம் கேலி செய்தவள் நான். இப்போது அவரிடமே போய் நின்றேன்.

"பாய், அந்த விரல் வித்தையைச் சொல்லிக் குடுங்க."

"இத்தனை வருசம் நீங்க சிரிச்சீங்கல்லா. செத்த நேரம் நில்லுங்கக்கா, நானும் சிரிச்சுக்கிடுதேன்."

சிரித்து முடித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். விரலில் ஒட்டாமல் உருள வேண்டும், உருண்டையில் வெடிப்பு விழக்கூடாது. பால் கெட்டிருந்தால் காய்ச்சும்போதே வாடை சொல்லிவிடும். முதல் வாரம் இரண்டு ஈட்டில் பதம் தப்பியது. பிறகு தப்பவில்லை.

தேரன்று கூட்டம் நெரித்தது. முதலாளி வந்து பின்னால் நின்றார். "வாயிலயே வைக்கலையே, பதம் சரியா இருக்குமா?"

"நீங்க வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். அடுத்த ஈட்டுக்குப் பால் ஊற்றச் சொன்னார். டப்பா மேசைப் பேச்சு அதோடு நின்றது.

அசதி போனது. எடை நாலு கிலோதான் குறைந்தது. அதுவே பெரிது என்றார் டாக்டரம்மா. புதிதாக அடுப்படிக்கு வந்தவர்களுக்கு அதன்பிறகு நான் சொன்னது இதுதான்: வேலைக்கு என்று தின்றாலும் அது வயிற்றுக்குத்தான் போகும்.

நான் ஓய்வு பெற்ற அன்று கடையில் ஒரு கிலோ பால்கோவா கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து, பதம் பார்க்காமல், வெறுமனே தின்றேன். பிறகு நோட்டை எடுத்து முதல்முறையாக எழுதினேன்: பால்கோவா, நெல்லிக்காய் அளவு.

பொய் எதற்கு? அடித்துவிட்டு, எலுமிச்சை அளவு என்று எழுதினேன்.