ஒன்பது கெட்ட வார்த்தைகள்

அந்தப் பிரெஞ்சு ராப் பாடகன் ஆறு ஆண்டுகளில் ஐந்து இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தான். மொத்தம் எண்பத்து மூன்று பாட்டுகள். ஒரு மனிதன் பேசுவதற்கு அவ்வளவு விஷயம் உண்டா? அவற்றில் ஐம்பத்தெட்டில், தன் தட்டுகள் எத்தனை லட்சம் விற்றன என்று அவனே சொல்லிக்கொள்கிறான். இதையெல்லாம் நான் ஆசைப்பட்டு எண்ணவில்லை. எண்ண வைத்தார்கள்.

அப்போது அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் நகரில், டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்த மகன் வீட்டில் இருந்தேன். பதினாறு வயதுப் பேத்தி பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருந்தாள். என்னோடு பேசுவதற்காக அல்ல, அந்தப் பாடகனுக்காக. எட்டு வருடங்களாகத் தமிழ்ச் சங்க மேடைப் பக்கமே போகாதவள், அவன் பாட்டொன்றைப் பொங்கல் விழாவில் பாடப் பெயர் கொடுத்துவிட்டாள். தினமும் குளியலறையில் பாடிப் பழகினாள்.

விழாக் கமிட்டிக்கு ஒரு விதி இருந்தது. பாட்டு வேற்று மொழியில் என்றால், அதில் ஆபாசம் இல்லை என்று மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். நான் புதுச்சேரியில் முப்பத்தோரு வருடம் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவன். செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அங்கிள், சும்மா ஃபார்மாலிட்டி. கெட்ட வார்த்தை ஜீரோன்னு போட்டு சைன் பண்ணிடுங்க."

"பாட்டைக் கேக்காம எப்படிப்பா போடறது?"

"கேட்டா மட்டும் எங்களுக்கு என்ன புரிஞ்சுடப் போவுது?" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே விழாவில் பதினொரு சினிமா நடனங்கள். ஒத்திகை பார்த்தேன். ஏழில் இடுப்பைத் தவிர வேறொன்றும் ஆடவில்லை. அவற்றுக்கு யாரும் எழுதித் தர வேண்டாமாம்.

பாட்டைக் கேட்டேன். மூன்று நிமிடம், நாற்பது விநாடி. பாரிஸ் புறநகரில் குப்பை லாரியில் வேலை செய்யும் அப்பாவை, ரயில் நிலையத்தில் ஒரு போலீஸ்காரன் மகன் கண் முன்னால் நிறுத்துகிறான். அடையாளக் காகிதம் கேட்கிறான், பையைத் தரையில் கொட்டச் சொல்கிறான். அப்பா குனிந்து சாப்பாட்டு டப்பாவைப் பொறுக்குகிறார். ஒன்பது கெட்ட வார்த்தைகள். ஒன்பதும் போலீஸ்காரனுக்கு.

மீதி எண்பத்திரண்டையும் நான்கு நாள் உட்கார்ந்து கேட்டேன். சுத்தமானவை மூன்று தேறின. பேத்தியிடம் கொண்டுபோனேன்.

"இதுல ஒண்ணைப் பாடேன்மா."

"நோ, தாத்தா. தோஸ் ஆர் ஃபார் தி ரேடியோ. ஹீ ஜஸ்ட் வான்டெட் டு செல். திஸ் ஒன் இஸ் அபௌட் ஹிஸ் டாட்." பிறகு, "ஜஸ்ட் ரைட் ஜீரோ. ப்ளீஸ். நோபடி வில் நோ," என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அரங்கில் நானூறு பேர் இருப்பார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் அவளும் நானும்தான்.

ஒன்பது என்று எழுதினேன். யாரைத் திட்டியவை, ஏன் திட்டியவை என்று கீழே நான்கு வரியும் எழுதினேன். செயலாளர் எண்ணை மட்டும் பார்த்தார்.

"என்ன அங்கிள், இப்படிப் பண்ணிட்டீங்க? ரைட்டிங்ல குடுத்துட்டீங்களே, இனிமே நான் என்ன பண்றது?" என்று அவள் பெயரை அடித்தார்.

விழாவுக்கு அவள் வரவில்லை. அவளுடைய நேரத்தில் பன்னிரண்டாவதாக ஒரு சினிமா நடனம் வைத்தார்கள். அந்த சினிமாப் பாட்டின் இரண்டாவது வரி என்ன சொல்கிறது என்று அரங்கில் அத்தனை பேருக்கும் புரிந்தது. கைதட்டினார்கள். செயலாளர் விசிலே அடித்தார்.

பாடகன் மேலும் எனக்கு ஆத்திரம்தான். அத்தனை லட்சம் விற்றவனுக்கு ஒரு போலீஸ்காரனைக் கண்ணியமாகத் திட்டத் தெரியாதா? மகன் காரை ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து, நான் கற்பித்த பிரெஞ்சில் திட்டிப் பார்த்தேன். நான்கு வாக்கியங்கள் அமைத்தேன். இலக்கணத்தில் பிழையில்லை. அந்தப் போலீஸ்காரன் கேட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

வீட்டுக்கு வந்து அவள் கதவைத் தட்டினேன். உள்ளே பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள். முப்பத்தோரு வருடம் எத்தனையோ மக்குகளுக்கு இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டவன் நான். அவளுக்கு ஒரு பூஜ்யம் போட எனக்குக் கை வரவில்லை.