படகுக்குப் பின்னால் எழுந்து நின்ற தண்ணீர்

செல்லத்துரை அண்ணன் போய்விட்டார்.

காலையில் ஓசூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது போன் வந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். மாலைக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

வந்து இன்னும் சட்டைகூட மாற்றவில்லை. இதை எழுதினால்தான் மற்ற வேலை ஓடும் போல.

பழைய யூனிட் ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர். படகு ப்ரொபெல்லர் செய்யும் எங்கள் யூனிட்டில் கிரைண்டிங்கில் இருந்தார். நான் டெஸ்டிங்.

வேகப் படகின் பின்னால் ப்ரொபெல்லரைத் தாங்கிச் சுழற்றும் டிரைவுக்கு ஆர்டர் ஒன்று வந்தது. ஓடவிட்டுப் பார்க்கப் படகு ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நாங்கள் எல்லாம் தர்மபுரி, தளி, அஞ்செட்டி. கடல் பார்த்து வளர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

"வேணாம் தம்பி. படகு சோலியே வேணாம்னுதான் இங்க வந்து கெடக்கேன்" என்றார். மேனேஜர் மூன்று தடவை கூப்பிட்டுப் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பெரிய ஏரி. முதல் ஓட்டத்திலேயே நான் பயந்துவிட்டேன்.

சாதாரணப் படகில் ப்ரொபெல்லர் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். இதில் வேகம் பிடித்ததும் பாதி வெளியே வந்துவிடும். ஒவ்வொரு பிளேடும் தண்ணீரை அறைந்து உள்ளே போய், வெளியே வரும்போது அள்ளிக்கொண்டு வந்து வீசும். டிரைவைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் போதும்... பின்னால் போகவேண்டிய தண்ணீர் வானத்துக்குப் போகும். இரண்டு மாடி உயரம், வெள்ளையாக.

அவ்வளவு உயரம் எழுந்தால் படகைத் தள்ளவேண்டிய பலம் வீணாகிறது என்று அர்த்தம். "அண்ணே, இறக்குங்க" என்பேன். இறக்க மாட்டார். ஒரு கை ஸ்டீயரிங்கில், முகம் பின்னால். அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏதோ ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஏரியின் அந்தக் கோடியில் வளைத்துத் திருப்பினார். திடீரென்று என்ஜினை நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற தண்ணீர் மொத்தமும் பொத்தென்று விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"என்னண்ணே?"

"ஆளு... ரெண்டு பேரு."

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டுக் குதித்தார்.

ஆள் இருந்தது உண்மைதான். ஏரிக்குள் இருந்த ஒரு பாறைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பரிசல் ஒன்று எங்கள் அலையில் கவிழ்ந்திருந்தது. மீன் பிடிக்கும் ஒரு அம்மா, வலையில் கால் சிக்கி முழுகிக்கொண்டிருந்தார். அண்ணன் வலையைப் பிய்த்து அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் இழுத்துப் படகில் போட்டேன். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. மூச்சு இருந்தது.

அண்ணன் ஏறவில்லை. திரும்பவும் முழுகினார்.

"அண்ணே, மேல வாங்க!"

"இன்னொருத்தன் இருக்கான்டா. பாத்தேன்."

அந்த அம்மா இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். "நா ஒண்டியாத்தாங்க வந்தன். எங்கூட யாரும் வர்ல."

அண்ணன் காதில் அது விழவேயில்லை. முழுகுவார், மேலே வந்து ஒரு மூச்சு வாங்குவார், திரும்ப முழுகுவார். உதடு நீலமாகிவிட்டது. கரையில் இருந்த எங்கள் ஆட்கள் இன்னொரு படகில் வந்து, இடுப்பில் கயிறு கட்டி இழுத்துத்தான் ஏற்றினார்கள். ஏற்றும்போதும் "விடுங்கடா, அவன் கெடக்கான்" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு அவர் படகில் ஏறவே இல்லை. கிரைண்டிங்குக்கே போய்விட்டார்.

வெயில் பட்டால் அந்தத் தண்ணீரில் எப்படியெல்லாமோ உருவம் தெரியும் என்று மேனேஜர் சொன்னார். இருக்கலாம்.

சில நாள் கழித்து, கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அவராகவே கேட்டார். "தம்பி, நீ பாத்தியா அன்னைக்கி?"

"இல்லண்ணே. லேப்டாப்ல ரீடிங் பாத்துட்டு இருந்தேன்."

தலையாட்டினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "எந் தம்பி" என்றார். "ஊர்ல, கடல்ல. நான்தான் படகு ஓட்டுனேன். அவன் பின்னால நின்னான். திரும்பிப் பாத்தா தண்ணி மட்டுந்தான் எந்திரிச்சு நிக்கிது. ஆள் இல்ல."

"கிடைக்கவே இல்லையாண்ணே?"

"இல்ல. அன்னைக்கி ஏரில, அந்தத் தண்ணிக்குள்ள நின்னான். அதே சட்ட."



இன்று அவர் வீட்டு வாசலில் ஐம்பது, அறுபது பேர். ஊரிலிருந்து பங்காளிகள் கார் பிடித்து வந்திருந்தார்கள். கடற்கரைக்குக் கொண்டு போய்விடலாம் என்றார்கள். அண்ணி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "அவரு தண்ணி பக்கமே வேணாம்னு சொல்லியிருக்காரு. இங்கனயே மண்ணுல வைங்க."

கூட்டத்தில் அந்தப் பரிசல் அம்மாவும் இருந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ... இரண்டு பஸ் மாறி, சாமந்தி மாலையோடு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"இன்னும் அங்கதான் மீன் புடிக்கிறீங்களாம்மா?"

"ஏரிக்குப் போறன் சார். அந்தப் பாறைகிட்ட மட்டும் வல போடறது இல்ல."

"கால் சிக்கின பயமா?"

"அது இல்ல சார்." அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நா ஒண்டியாத்தான் வந்தன். அது எனக்குத் தெரியும். ஆனா அந்த மனுசன் உசுரக் குடுத்துத் தேடினாரே... யாருமே இல்லாமயா அப்படித் தேடுவாங்க?"

மாலையை அண்ணன் காலடியில் வைத்துவிட்டு விலகிக்கொண்டார்.

மேட்டு நிலத்தில்தான் வைத்திருக்கிறோம் அண்ணே. பாறைப் பாங்கான இடம். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது.

தூங்குங்க.