பெலிசித்தம்மாளின் மகள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டின்போது யாரும் பேசக் கூடாது. ஒருத்தி மட்டும் எழுந்து நின்று புனிதர்களின் வரலாற்றை வாசிப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். மலேசியாவில், ஈப்போ நகரத்துக் கன்னியர் மடத்தை ஒட்டியிருந்த விடுதி அது. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தோம். எனக்குத் தமிழ் தடங்கலில்லாமல் வாசிக்க வரும் என்பதால், படிவம் மூன்றில், பதினைந்து வயதில், அந்த வேலை என் தலையில் விழுந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி.

அகத்தாள், லூசியாள், ஆக்னேஸ், செசிலியாள் என்று நாளுக்கு ஒருத்தி. எல்லாருமே ஏறக்குறைய எங்கள் வயதுப் பெண்கள், எல்லாருமே கொல்லப்பட்டவர்கள். ரசம் ஆறிக்கொண்டிருக்க, கழுத்து வெட்டப்பட்டதை நான் வாசிப்பேன். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார்கள். அந்த வயதில் அதெல்லாம் எனக்கு வெறும் வாசிப்புதான்.

பெர்பெத்துவாளும் பெலிசித்தம்மாளும் வந்த நாள் அப்படி இருக்கவில்லை. பெர்பெத்துவாள் வசதியான வீட்டுப் பெண். பெலிசித்தம்மாள் அடிமை, எட்டு மாதக் கர்ப்பிணி. கிறிஸ்தவர்கள் என்பதற்காகக் கார்த்தேஜ் நகரத்துச் சிறையில் இருவரும் சாவுக்குக் காத்திருந்தார்கள். கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் தரவில்லை. கூட இருந்தவர்கள் போய்விட, தான் மட்டும் தனியாகப் பின்தங்கிவிடுவோமோ என்று பெலிசித்தம்மாளுக்குப் பயம். குழந்தை சீக்கிரம் பிறக்க எல்லாரும் ஜெபித்தார்கள். சிறையிலேயே வலி எடுத்துப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை ஒரு சகோதரி தன் மகளாக வளர்த்தாள் என்று அடுத்த வரியில் இருந்தது. அதற்குப் பிறகு குழந்தையைப் பற்றிப் பேச்சே இல்லை. தாயை, மிருகங்களை அவிழ்த்துவிடும் களத்துக்குக் கூட்டிப்போகிறார்கள்.

அந்த வரியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்து முடித்தேன்.

நானும் அப்படி வளர்ந்தவள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல் போனது. எங்கள் தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் போனார்கள். பல் முளைக்காத குழந்தையான எனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட குழந்தையைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று பினாங்குத் துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். வழியனுப்ப வந்திருந்த அம்மாவின் அக்கா, பிள்ளையில்லாதவர், குடியுரிமையுள்ள நீலக் கார்டுக்காரர், என்னைக் கையில் வாங்கிக்கொண்டார். உடம்பு தேறியதும் அனுப்பிவைப்பதாகப் பேச்சு. ஆனால் கொண்டுபோய்விட ஆள் அமையவில்லை. பிறகு பள்ளிக்கூடம் வந்தது. பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது.

அன்று தட்டுகளைக் கழுவும்போது, விடுதியைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரிடம் கேட்டேன்.

"சிஸ்டர், அந்தப் பிள்ள அப்பறம் என்னா ஆச்சு?"

"எந்தப் பிள்ள?"

"பெலிசித்தம்மாளோட பிள்ள."

"தெரியலம்மா. யாரும் எழுதி வைக்கல."

"அம்மாவ மட்டும் யாரு புனிதர்னு முடிவு பண்ணாங்க? ரோமாபுரியில விசாரிச்சாங்களா?"

"விசாரணை, சாட்சி, புதுமை, அதான் அற்புதம்னு கேக்கறதெல்லாம் ரொம்ப நாளைக்கு அப்பறம் வந்தது. அந்தக் காலத்துல அதெல்லாம் இல்ல. செத்த நாள ஊரு சனங்க மறக்கல. வருசா வருசம் கல்லறைக்குப் போனாங்க, பூசையில பேரச் சொன்னாங்க. அவ்ளோதான்."

அந்தக் கல்லறைக்கு அவள் பிள்ளையும் போயிருக்குமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சிஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஈஸ்டருக்குத் தோட்டத்துக்குப் போனேன். பெரியம்மா பால்மரம் சீவிவிட்டு வந்து, குளித்து, குசினியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் அம்மாவைப் பற்றி நானாகக் கேட்டதே இல்லை. கேட்டால் அவர் மனம் நோகும் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

"பெரிம்மா, எங்கம்மா கப்பல்ல ஏறுறப்ப அழுதாங்களா?"

அவர் இன்னொரு கருவாட்டை எடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அழல. பாலு கட்டிக்கிச்சு அவளுக்கு. ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஆளுங்க பாக்கறாங்கன்னு முந்தானைய இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டே ஏறுனா." கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டு, "நீதான் அழுத. எனக்கு ரொம்ப சூசா லா அன்னிக்கு, பட்ட பாடு கொஞ்சமில்ல. பஸ்ஸு முழுக்க அழுத," என்றார்.

கருவாட்டுச் சட்டியை அடுப்பில் வைத்தார். பெரியப்பா வந்தார். சாப்பிட்டோம். என்னை வளர்த்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தும், அந்த வீட்டில் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. ஊரை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். இந்தியாவில் ஊருக்குப் போய்த் திரும்பிய தோட்டத்துக்காரர் ஒருவர் பெரியம்மாவிடம் வந்து, அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகிறது என்று சொன்னார். பெரியம்மா பக்கத்துக் கடையிலிருந்து எனக்குப் போன் செய்தார். முகமே தெரியாத ஒருவருக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்காக ஒரு வாரநாள் காலைப் பூசைக்குக் கேட்டுக்கொண்டேன். பெரியம்மாவுக்குக் காலில் வீக்கம், வர முடியவில்லை. கோவிலில் நானும், தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த நாலைந்து கிழவர்களும்தான். நான் கேட்டபடி சாமியார் அன்று புனிதர்களின் பெயர்கள் வரும் நீளமான மன்றாட்டைச் சொன்னார். இறந்தவர்களை நினைக்கும் இடத்தில் அம்மாவின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் வாயால் அதைக் கோவிலில் கேட்டது அதுதான் முதல் தடவை. சற்று நேரத்தில் புனிதர்களின் வரிசை வந்தது. பெலிசித்தம்மாள், பெர்பெத்துவாள், அகத்தாள், லூசியாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

பூசை முடிந்து, வேலைக்குப் போகாமல், பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த முஸ்லிம் கடையில் போய் உட்கார்ந்தேன். தினமும் டீ வாங்கும் கடைதான்.

"என்னா தங்கச்சி, இன்னிக்கி லேட்டு? வேல இல்லயா?" என்றார் கடைக்காரர்.

"எங்கம்மா செத்துட்டாங்கண்ணே."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "யா அல்லாஹ். எப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு. இந்தியாவுல. எனக்கு இப்பத்தான் தெரியும்."

அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் அவர்களுக்கு முதுகைக் காட்டி என் மேசைக்கு முன்னால் மறைவாக நின்றுகொண்டார்.

"ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்ட. உக்காந்திரு லா," என்றார்.

தோசை வந்தது. முழுதும் சாப்பிட்டேன். அப்புறம் பஸ் ஏறிப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன்.