பால்வெளிக்கு முதலில் இருந்த பெயர்

அந்தத் தெருவில் 'கிரகம்' என்று கேட்டால்தான் அவர் பட்டறைக்கு வழி சொல்வார்கள். கீழே டயர் கடை, மேலே பட்டறை. கதவில் வளையம் போட்ட கோள் ஒன்று வரைந்திருக்கும். அவரே வரைந்தது, கொஞ்சம் கோணல். பாடுகிறவர்களும் கிட்டார்காரர்களும் அங்கே ஏறுவது எக்கோ பெட்டிக்காக. ஒரு பக்கம் குரலைக் கொடுத்தால் மறுபக்கம் அது திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்ந்து அடங்கும் பெட்டி. வால்நட்சத்திரம், செவ்வாய், கருந்துளை என்று அவற்றுக்குப் பெயர்கள். அதைப் பார்த்துத்தான் டயர் கடைக்காரர் அந்தப் பட்டத்தைச் சூட்டினார். வியாபாரம் படுத்த நாட்களில், "நமக்கு மேலேயே ஒரு கிரகம் உக்காந்திருக்கே, எப்படி உருப்படும்?" என்று அதையே வேறு மாதிரியும் சொல்லிக்கொள்வார்.

பெட்டிகளைச் செய்தது கிரகம் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அவராகச் சொல்ல மாட்டார். செய்தது அவருடைய அக்கா. தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு வந்தவள், பாம்புச் செவி. தம்பிக்கு வாய்த்தது வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அக்காவின் காதை வைத்துப் பிழைத்தது.

அக்கா வேலை செய்யும் விதமே தனி. எல்லாப் பெட்டிக்கும் உள்ளே சமாசாரம் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியில் சின்னத் திருகுகளைத் திருப்பி ஒலியைப் படிய வைப்பதில்தான் வித்தியாசம். அதற்கு அவள் ஏதாவது ஓர் இடத்துக்குப் போய் நின்று கை தட்டிக் கேட்பாள். அந்த ஒலியைக் காதிலேயே தூக்கிக்கொண்டு, வழியில் யாரிடமும் பேசாமல் திரும்பி வந்து, பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி அதே ஒலி வரும்வரை திருகுவாள். முதல் பெட்டி, அவர்கள் வளர்ந்த குடியிருப்பின் மாடிப்படி. மூன்றாம் மாடியிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடும் குரல் கீழே வந்து சேரும்போது எப்படி இருக்குமோ அப்படி. அதற்கு அவள் வைத்த பெயரும் 'மாடிப்படி'தான்.

"மாடிப்படின்னு எழுதி வெச்சா எவன் வாங்குவான்? தொடப்பத்த எடுத்துக் கூட்டிட்டுப் போயிடுவான்," என்றார் தம்பி.

"அங்கேருந்து எடுத்ததுதானேடா?"

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். மாடிப்படின்னதும் அவனவன் வீட்டுப் படிய நெனச்சுக்குவான். எங்க வீட்ல இப்படிக் கேக்காதேன்னு சண்டைக்கு வருவான். வால்நட்சத்திரம்னு வெச்சுப் பாரு. அங்க போயிட்டு வந்தவன் எவனாவது இருக்கானா? நாம சொன்னதுதான் சத்தம்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அங்கல்லாம் காத்தே இல்லையாமே. சத்தமே கேக்காதாம்."

"அதவிட வசதி வேற என்ன வேணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மின்சாரத்தில் இசைக் கருவி செய்கிற எல்லா ஊர்க்காரர்களும் பெயருக்கு வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். கம்பியை மீட்டினால் எப்படி ஒலிக்கும், தோலைத் தட்டினால் எப்படி ஒலிக்கும் என்று நமக்குத் தெரியும். இந்தப் பெட்டிகளுக்குள்ளிருந்து வந்த ஒலி எதிலிருந்து பிறந்தது என்று கேட்டவர்களுக்குப் பிடிபடவில்லை. தெரியாத ஒலிக்குத் தெரியாத இடத்தின் பெயர். போதாததற்கு, பெயர் எழுதிய கறுப்பு முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு மினுங்கினால் பெட்டியே ராக்கெட் மாதிரிதான் தெரிகிறது. ஆள் பாதி ஆடை பாதி என்கிறோமே, பெட்டிக்குப் பெயர்தான் ஆடை. வால்நட்சத்திரம் நன்றாகவே விற்றது.

அக்கா விடவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவக் காலி செய்தபோது உள்ளே இறங்கி நின்று எடுத்ததற்குத் 'தண்ணித்தொட்டி' என்றாள். தம்பி 'கருந்துளை' என்று எழுதினார். அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தா 'செவ்வாய்' ஆனது. ஒருநாள் பட்டறை நிறைய ஆட்கள். அக்கா புதுப் பெட்டி ஒன்றை வைத்து அதன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், "எங்க அக்காவ விட்டா கக்கூஸ்னுகூட ஒண்ணுக்குப் பேரு வெச்சிடுவா," என்றார் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

அதோடு அவள் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டாள். "முடிஞ்சுது. நீயே ஏதாவது நட்சத்திரத்தப் பிடிச்சு ஒட்டிக்கோ," என்று பெட்டியை நகர்த்தி வைப்பாள். தொல்லை விட்டது என்று தம்பி நினைத்தார். மனிதர் எதை எதைத் தொல்லை என்று நினைத்துவிடுகிறார்!

அவள் கடைசியாகச் செய்த பெட்டியும் அப்படித்தான் வந்தது. அதுபோல இன்னொன்று அவள் செய்யவில்லை. தம்பி 'பால்வெளி' என்று எழுதினார். மேடை நாடகங்களுக்கு வாசிக்கிற பெண்மணி ஒருவர் கேட்டதுமே கண் கலங்கி வாங்கிப் போனார். பிறகு அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவள் தன் மகள் வீட்டுக்கே போய்விட்டாள்.

தம்பி தனியாகச் சமாளித்தார். வால்நட்சத்திரத்துக்கு ஆர்டர் வந்தால் பழைய குடியிருப்புக்குப் போய்ப் படியடியில் நின்று கை தட்டுவார். கருந்துளைக்குத் தண்ணீர்த் தொட்டி. பலகையில் ஆகாயம், பிழைப்பு மட்டும் மாடிப்படியில். இதை அவர் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

இந்த வருஷம் நாடகப் பெண்மணி பால்வெளியைத் துணியில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே ஒரு பாகம் கருகியிருந்தது. மாற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் மாற்றினால் திருகுகளை மறுபடி படிய வைக்க வேண்டும். கிரகம் தனக்குத் தெரிந்த மட்டும் வைத்துக் கொடுத்தார். பெண்மணி மைக்கில் ஒரு சொல் பேசிவிட்டு, அது தேய்ந்து அடங்கும்வரை கேட்டார்.

"சத்தம் வருது அண்ணே. ஆனா இது அது இல்ல."

"எப்படி இருந்துது, சொல்லுங்க."

"அடங்கும்போது யாரோ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கும். இப்ப யாரோ எழுந்து போற மாதிரி இருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, "புது நாடகத்துல கடைசிக் காட்சியே இத நம்பித்தான்," என்றார்.

சரிசெய்து தருவதாகக் கிரகம் வாக்குக் கொடுத்துவிட்டார். மாடிப்படியில் போய்த் தட்டினார். படித்த பள்ளிக்கூடத்தின் கூடத்தில் தட்டினார். தொலைபேசி நிலையத்துக் கீழ்த்தளத்தில் தட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தட்டியபோது காவலாளி, "நோயாளிங்க தூங்கறாங்க, வீட்ல போய்த் தட்டுய்யா," என்று வெளியே அனுப்பினார். எதுவும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அக்கா வைத்த பெயர் ஒவ்வொன்றும் முகவரி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பால்வெளியில் எங்கே போய் நின்று கை தட்டுவது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"வாங்க மாமா," என்று அக்கா மகள் கதவைத் திறந்தாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், பாதியாக இளைத்திருந்தாள். பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவர் ஒயர்களை மாட்டி, மைக்கில் "அக்கா" என்றார். அந்தச் சொல் அறையெங்கும் திரும்பத் திரும்ப வந்து தேய்ந்தது. அக்கா பழையபடி மூடிமேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள்.

இல்லை என்று அவருக்கே தெரியும். மகளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாவுக்கு இப்பல்லாம் சரியாக் கேக்கறதில்ல மாமா. கையில அதிர்றத வெச்சுச் சொல்றாங்க," என்றாள் அவள் மெதுவாக, டிவியை நிறுத்திவிட்டு.

கிரகம் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் காதருகே குனிந்தார். "இத எங்க நின்னு கேட்டுட்டு வந்த? இதுக்கு என்ன பேரு?"

அக்கா பெட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பலகையைப் படித்தாள். "பால்வெளி."

"அது நான் வெச்சது. நீ வெச்சது என்ன?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் பேசுவதற்காக அவர் இவ்வளவு நேரம் காத்திருந்தது வாழ்நாளில் அன்றுதான்.

"வெச்சேன். ரொம்பப் பொருத்தமா அமைஞ்சுதேன்னு எனக்கே சிரிப்பு வந்துது. உன்கிட்ட சொல்லலாம்னுதான் கொண்டு வந்தேன். நீ வந்தவங்ககிட்ட பேசிட்டிருந்த."

"அப்புறம்?"

"அப்புறம் நானும் பால்வெளி பால்வெளின்னே சொல்லிப் பழகிட்டேன். இப்ப எவ்வளவு யோசிச்சாலும் அதுதான் வருது. வெளிய சொல்லாத பேரு எத்தன நாளைக்குடா தங்கும்?"

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு ஏன்டா கலங்கற? நீ வெச்சதும் நல்ல பேருதான்," என்றாள்.