சீட்டு விழாத நாற்பது பேர்

காந்திமதிநாதனுக்கு வேலை போனது 1931ல். செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் குமாஸ்தாவாக இருந்தான். மரத்துக்கு விலை விழுந்தது, கடையைப் பூட்டினார்கள், முதலாளி அவன் கையில் ஒரு பழைய குடையைக் கொடுத்து அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் வேலை கிடையாது. தேடாமல் இல்லை. ஆலங்குளம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி என்று அவன் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இண்டர்மீடியட் தேறியவனை வயல் வேலைக்குக் கூப்பிட ஊரில் எல்லோருக்கும் கூச்சம்; ஆபீசுக்குக் கூப்பிடவோ எங்கும் இடமில்லை. மேலகரத்தில், மனைவி ஆவுடைத்தாயின் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருவரும் குடியிருந்தார்கள். பகலில் தெருவில் அவளோடு சேர்ந்து நடப்பதையே அவன் விட்டுவிட்டான். சும்மா இருக்கிறவன் பெண்டாட்டியோடு உலாத்துகிறான் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாதே.

1937ல் தென்காசிப் பெரிய மனிதர்கள் சிலர் கூடிப் ‘பிழைப்பு உதவிச் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வேலையில்லாத ஒருவரைக் கடைக்காரரோ விடுதிக்காரரோ சேர்த்துக்கொண்டால், ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளத்தைச் சங்கம் கொடுக்கும். இருந்தது நாற்பது இடம். மனுப் போட்டவர்கள் எண்பது பேர். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று மண்டை காய்ந்துபோய், கடைசியில் கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்கினார்கள். காந்திமதிநாதனுக்குச் சீட்டு விழவில்லை.

மறு வருஷம் ஆடி மாதம், நல்ல சாரலில், செல்லப்பா என்ற பொருளாதாரப் பேராசிரியர் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கினார். சீட்டுக் குலுக்கிய கதை எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. எண்பது பேரும் ஒரே மாதிரிக் கஷ்டப்பட்டவர்கள், சீட்டு ஒன்றுதான் அவர்களைப் பிரித்தது. ஆகவே இரண்டு கட்சியையும் இப்போது விசாரித்தால் சங்கத்தின் உதவியால் உண்மையில் என்ன பலன் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. சத்திரத்தில் ஓர் அறை பிடித்து, ஒவ்வொருவராக வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

காந்திமதிநாதன் போனபோது பேராசிரியர் தனியாக, காகிதக் குவியலுக்கு நடுவே, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாரிக்க அழைத்து வந்த மாணவன் முதல் நாளே ஐந்தருவிப் பாறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவரே தாளை எடுத்து வாசித்தார்.

“தாங்கள் உத்தியோகமற்றிருக்கும் காலத்தைத் தற்சமயம் எங்ஙனம் கழித்து வருகிறீர்கள்?”

காந்திமதிநாதன் தலையைச் சொறிந்தான்.

“என்ன, கேள்வி புரியலையா?”

“புரியுது சார். ஆனா இப்படிக் கேட்டா எங்க ஊர்ல எவனும் கோர்ட்டு சம்மன்னு நெனச்சு ஓடிருவான்.”

“வேற எப்படிக் கேக்கணும்?”

“‘இப்ப என்ன செய்யுதிய, அண்ணாச்சி?’ அவ்வளவுதான் சார். கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும். அவங்களே சொல்லுவாங்க.”

பேராசிரியர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வியை வாசித்தார். அதையும் அவன் மாற்றினான். அரை மணி நேரத்தில் பதினான்கு கேள்விகளும் தென்காசித் தமிழுக்கு வந்துவிட்டன. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“நீங்களே போய்க் கேக்கிறீங்களா? ஒன்றரை மாசம். சம்பளம் உண்டு.”

“நானா சார்? நான் ஒங்க லிஸ்டுல உள்ள ஆளு சார்!”

“அதுதான் இப்ப சிக்கல். நீங்க உள்ள வரும்போது வேலையில்லாதவர். இப்ப வேலையிலே இருக்கிறீங்க. இந்தத் தாள்ல உங்களுக்கு நான் என்ன எழுத?” என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். காந்திமதிநாதனுக்கும் சிரிப்பு வந்தது. சத்திரத்துக் காவல்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு அவன் நடந்து போனதாகச் சொல்ல முடியாது. மேலகரம் வரைக்கும் குடையை விரிக்க மறந்து, தொப்பலாக நனைந்து, எதிரே வந்த வண்டிமாட்டுக்குக்கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். ஆவுடைத்தாய் துண்டை நீட்டினாள்.

“ஏளா, எனக்கு வேலை கெடச்சிட்டு!”

“எங்க?”

“வேலையில்லாதவங்களப் போய் விசாரிக்க வேலை.”

அவன் வாங்க மறந்த துண்டை அவள் தன் தோளில் போட்டுக்கொண்டாள். “அப்ப எல்லாருக்கும் வேலை கெடச்சிட்டா, ஒங்களுக்கு வேலை போயிருமே?”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தான். அது நின்றதும் அவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் விக்கல்.

முதல் வாரம் ஆண்களை விசாரித்தான். சுடலைக்கண்ணுவைத் தேடி அவன் குற்றாலத்துக்குப் போனான். சீட்டு விழுந்தவர்களில் ஒருவன் சுடலைக்கண்ணு. ஒரு விடுதிக்காரர் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட அவனைச் சேர்த்திருந்தார். சங்கத்தின் பாதிச் சம்பளம் நின்ற மறுநாளே விடுதிக்காரர் அவனையும் நிறுத்திவிட்டார். இப்போது அருவிக்கரையில் சொந்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். காந்திமதிநாதன் போன நேரத்தில், எங்கிருந்தோ வந்த ஒரு பருமனான மிராசுதார் பாறையில் குப்புறக் கிடந்தார்.

“இப்ப என்ன செய்யுதிய, அண்ணாச்சி?” அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான்.

“பாத்தா தெரியலையாவே? முதுகு தேய்க்கேன்!”

“வருசம் பூரா உண்டா?”

“நாலு மாசம். சாரல் போனா நானும் போயிருவேன்!”

“மிச்ச எட்டு மாசம்?”

“எட்டு மாசமும் அடுத்த நாலு மாசத்த நெனச்சுக்கிட்டு இருப்பேன். வேய், நிண்ணுக்கிட்டு ஏன் கேக்கீரு? உக்காரும்.”

உட்கார்ந்ததுதான் தப்பு. பதினான்கு கேள்வி முடிவதற்குள் காந்திமதிநாதனுடைய தலையிலும் தோளிலும் நல்லெண்ணெய் வழிந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான் சுடலைக்கண்ணு. மிராசுதார் குப்புறக் கிடந்தபடியே, தன்னையும் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேட்டார்; தானும் பத்து வருஷமாகச் சும்மாதான் இருப்பதாகச் சொன்னார்.

பெண்களிடம் போனபோதுதான் முட்டுக்கட்டை. பட்டியலில் பெண்கள் பத்தொன்பது பேர். அவன் தலையைக் கண்டாலே கதவு சாத்திக்கொண்டது. இலஞ்சியில் மாடத்தி என்றொருத்தி, சீட்டு விழாதவள், கதவிடுக்கு வழியாகவே “நான் ஊர்ல இல்ல” என்று பதில் சொன்னாள்.

மறுநாள் ஆவுடைத்தாய் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். “நான் கேக்கேன். நீங்க புளியமரத்தடியில நில்லுங்க.”

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்குமே தவிரப் பிழை இருக்காது. இரண்டு பேரும் பட்டப்பகலில் சேர்ந்து இலஞ்சி ரோட்டில் நடந்தார்கள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. வயலில் நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “பாக்கட்டும். நாம ஆபீஸ் வேலையா போறோம்” என்றாள் ஆவுடைத்தாய், கையிலிருந்த காகிதக் கட்டை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

புளியமரத்தடியில் அவன் இரண்டு மணி நேரம் நின்றான். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் விளக்கு ஏற்றினது போல இருந்தது.

“கேள்வி பதினாலுதான். அவ விடமாட்டேங்கா. ‘எங்கிட்ட இதுவர யாரும் நீ என்ன செய்யுதன்னு கேட்டதே இல்ல தாயி, இன்னும் ரெண்டு கேளு’ங்கா. நானா பத்து கேள்வி சேத்துக் கேட்டேன்.”

மாடத்தி மூன்று வீடுகளில் நெல் குத்தினாள். கூலியாக அரிசியும் தவிடும் கொடுத்தார்கள். ‘வேலை இல்லை’ என்ற கட்டத்தில்தான் பேராசிரியரின் தாள்படி அவளைப் போடவேண்டும். சம்பளம் என்று எதுவும் இல்லையே. சத்திரத்தில் அன்று மாலை அவர் அப்படித்தான் போடப் போனார். ஆவுடைத்தாய் கணவனின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி கேட்டாள்.

“சார், ஒங்க வீட்டு நெல்லு தானா குத்திக்கிடுமா?”

பேராசிரியர் பேனாவை வைத்துவிட்டார். கிடைத்த வேலை போயிற்று என்றே காந்திமதிநாதன் முடிவுகட்டினான். பேராசிரியரோ ஓர் அளவுகோலை எடுத்து, தாளின் ஓரத்தில் கோடு கிழித்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டார். “கூலி தானியமாக வாங்குகிறவர்கள்” என்று தலைப்பு எழுதினார். “அம்மா, ஏற்கனவே விசாரிச்ச எல்லார்கிட்டயும் இதை மறுபடி கேக்கணும். போவீங்களா?” என்றார்.

போனார்கள். மழையில், சேற்றில், குதிரை வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு, ஒரு தடவை வடகரை வரைக்கும் கால்நடையாகவே. ஒன்றரை மாதம் என்றது இரண்டரை மாதமாயிற்று.

கடைசி நாள் பேராசிரியர் கூட்டிப் பார்த்தார். சீட்டு விழுந்த நாற்பது பேரில் இருபத்தொரு பேர் இன்னும் ஏதாவது ஒரு வேலையில் இருந்தார்கள். விழாத கட்சியில் பதினைந்து பேர். காந்திமதிநாதனை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. “உங்களை வேலைக்கு வச்சது நான். அதுக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை” என்று சொல்லிவிட்டார்.

“அப்ப சங்கத்தால பொழச்சது ஆறு பேர், இல்லையா சார்?”

“ஏறக்குறைய.”

“யார் யாரு சார், அந்த ஆறு பேரு?”

“அது யாருக்கும் தெரியாது. இருபத்தொரு பேர்ல முக்கால்வாசிப் பேருக்கு எப்படியும் வேலை கிடைச்சிருக்கும். ஆறு பேருக்கு மட்டும் சங்கம் இல்லாட்டா கிடைச்சிருக்காது. அந்த ஆறு பேருக்கே அது தெரியாது.”

காந்திமதிநாதனுக்கு இதைக் கேட்டதும் ஒரு கிறுகிறுப்பு வந்தது. தென்காசிக் கடைத்தெரு வழியாகத் திரும்பும்போது, எதிரே வந்த ஒவ்வொருவரையும் உற்று உற்றுப் பார்த்தான். துணிக்கடையில் பீஸ் மடிக்கிற பலவேசமா? பட்டறையில் துருத்தி போடுகிறவனா? யாராகவும் இருக்கலாம். ஒரு புண்ணியம் ஊருக்குள்ளே முகவரி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கூட வந்த ஆவுடைத்தாயிடம் சொன்னான். “நீங்க மொதல்ல ரோட்டப் பாத்து நடங்க” என்று அவள் அவனைச் சாணியிலிருந்து இழுத்தாள்.

அன்றைக்கு அவர்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பேரருவிக்குப் போனார்கள். சும்மா இருந்த ஏழு வருஷமும், அருவி மூன்று மைல் தூரத்தில் இருந்தும், அவன் குளித்ததில்லை. உல்லாசம் சம்பாதிக்கிறவனுக்குத்தான் என்று ஒரு வைராக்கியம். தண்ணீர் தலையில் விழுந்ததும் அவன் கூவினான். பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு கூவல் கேட்டது. யார் என்று அவனுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

சங்கம் அறிக்கையைப் படித்துவிட்டு, ஆறு மாதத்தை ஒரு வருஷமாக்கியது. மறு வருஷம் யுத்தம் வந்து, சங்கம் அப்படியே நின்றுபோனது. காந்திமதிநாதன் சாமான் கடைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும், ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராக இருந்தும் நாலைந்து வருஷத்தை ஓட்டினான். ரேஷன் கார்டு வந்த காலத்தில் வீடு வீடாகத் தலை எண்ண ஆள் தேவைப்பட்டது. எந்தக் கதவைத் தட்டினால் எந்தப் பெயர் வெளியே வரும் என்று தெரிந்தவன் தாலுகாவில் அவன் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆபீசிலிருந்து ஆளே அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஆவுடைத்தாயும் கூடப் போனாள். சம்பளப் பட்டியலில் அவள் பெயர் ஏறுவதற்கு மட்டும் இன்னும் எட்டு மாதம் பிடித்தது. அதற்கான மனுவை அவளே எழுதினாள், கோணல் எழுத்தில், பிழையில்லாமல்.