அழுத்தாமல் தொடுங்கள்

கரும்பலகையில் ஆங்கிலப் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது வலக்கண்ணில் கறுப்பாக ஒரு நூல் இறங்கியது. பலகையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று டஸ்டரால் துடைத்தேன். போகவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன். நூலும் கூடவே திரும்பியது.

திருத்தணியிலிருந்து தினமும் பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குப் போய்வந்த ஆசிரியை நான். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. விழித்திரையில் (கண்ணுக்குள் உருவம் பதியும் மெல்லிய சவ்வு) இரத்தம் கசிந்திருப்பதாகச் சென்னையில் சொன்னார்கள். லேசர், பிறகு இரண்டு அறுவை சிகிச்சைகள். ஒன்றரை ஆண்டில் இரண்டு கண்ணிலும், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சியது.

இனி செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன அன்று என் கணவர் முனிரத்தினம் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று அழுதார். ரயிலுக்கு நேரமாகிறதா என்று நான் கேட்டேன். அதைத் துணிவு என்று நினைக்காதீர்கள். எனக்குள் எதுவும் அசையவில்லை. பார்வை போகும்போது உங்களுக்கும் அப்படி இருந்தால் வெட்கப்பட வேண்டாம்.

விடுப்பில் பிரெயில் கற்றேன். "வேலை ஒண்ணும் போகாது. ஆனா பாடம் எடுக்க முடியும்னு காட்டினாத்தான் வகுப்பு தருவேன்" என்றார் தலைமை ஆசிரியை. ஜூன் மாதம் வரை அவகாசம்.

ஒரு தொண்டு அமைப்பு பிரெயில் குறிப்புக் கருவி ஒன்றை இரவல் தந்தது. மடியில் அடங்கும். முன்விளிம்பில் ஒரு வரி. அதில் சின்னச் சின்னப் புள்ளிகள் எழுந்து எழுத்துகளாகும். அது பேசவும் செய்யும். ஆனால் வகுப்பில் கருவி பேசினால் நான் எப்போது பேசுவது? விரலால்தான் படித்தாக வேண்டும்.

பெட்டியில் தடிமனான அச்சுக் கையேடும் இருந்தது. "இன்னாமா இது! கண்ணு தெரியாதவங்களுக்குக் குடுக்கிற புக்ல இவ்ளோ பொடி எழுத்தா போட்டு வச்சிக்கிறான்?" என்றார் கணவர். எழுத்துக் கூட்டிப் படித்து, அதே கையேடு கருவிக்குள்ளும் இருக்கிறது, இந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும் என்று என் விரல்களைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

மூன்றாம் வாரம் புள்ளிகள் மறைந்தன. வரி முழுவதும் வழுவழுப்பாக இருந்தது. நியூரோபதி (சர்க்கரையால் நரம்புகள் உணர்விழப்பது) பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். விரலும் போய்விட்டது என்று முடிவு செய்தேன். ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. படிப்பதுபோல் கையை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள், செய்வதற்கு வேறெதுவும் இல்லாமல், கையேட்டை முதலிலிருந்து பேசவிட்டுக் கேட்டேன். மின்கலம், விசைகள், உறை. பிறகு பிரெயில் வரியைப் பற்றி ஒரு பகுதி. புள்ளிகள் தெளிவாகத் தெரியவில்லையென்றால் கைகளைக் கழுவித் துடையுங்கள். விரலை அழுத்த வேண்டாம். அழுத்தினால் புள்ளிகள் உள்ளே இறங்கிவிடும் என்றது.

எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். தூசியைத் தொடுவதுபோல் விரலை வைத்தேன். ஒரு சொல் எழுந்தது. ஆங்கிலத்தில் எல்லா வரியிலும் வரும் 'தி'. அதற்கடுத்த சொல்லும் வந்தது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்தப் பக்கத்தை முடித்தேன், அவ்வளவுதான்.

அந்த வாரமே சர்க்கரை நோய் டாக்டர், உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் கை கால்களைத் தொட்டுப் பார்த்தார். "கால்லதான் உணர்ச்சி போய்க்கினு இருக்குது. விரல் நல்லா இருக்குதுங்க டீச்சர். பயத்துல அழுத்தியிருப்பீங்க."

ஒன்பது நாள் ஒளித்ததைக் கணவரிடம் அப்போதுதான் சொன்னேன். "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். நீங்கள் ஒளிக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள்.

ஜூனில் எட்டாம் வகுப்பைத் தந்தார்கள். மூன்று ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன்.

போன மாதம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் கணவர் தரையைப் பார்த்துக் கத்தினார். "ரத்தம்மா! வலிக்கலையா இன்னா?"

வலிக்கவில்லை. காலையில் குத்தியதா, மாலையிலா, அதுவும் தெரியாது. உட்கார்ந்து பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டேன். யாருடையதோ போலக் கனத்தது. விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போய் முள்ளைக் கண்டுபிடித்தேன்.